இருபத்துமூன்று போன்களின் பந்தி

தலையாட்டுகிறவனை நம்பாதே, கொட்டாவி விடுகிறவனைப் பார்த்துப் பாடம் நடத்து என்று ராமலிங்க மாமா சொல்வார், பாளையங்கோட்டையில் டுட்டோரியல் வைத்து, பத்தாம் வகுப்பில் தவறியவர்களைத் தொண்ணூறு பேராக ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், நம்பாதே என்றா சொன்னார் அல்லது விட்டுவிடு என்றா, இரண்டுக்கும் எவ்வளவோ தூரம் இருக்கிறது, பிறகு எழுந்து போகிறவனைப் பற்றி மூன்றாவதாக ஒன்று சொல்வார், அது சுத்தமாக நினைவில் இல்லை, அந்த வாக்கியத்தின் வால் மட்டும் காலையிலிருந்து எங்கோ மாட்டிக்கொண்டு இழுக்கிறது, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. மணி இரண்டு நாற்பது. திரையில் பதினொன்றாம் வாரத்துக் காணொளி முப்பத்தெட்டு சதவீதம் ஏறி நிற்கிறது, நின்றுவிட்டதா ஏறுகிறதா என்று தெரிவதில்லை, அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் நகராது, கண்ணை எடுத்தால் நகரும். அதன் பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் பட்டியல் திறந்திருக்கிறது, இருபத்துமூன்று பெயர்கள், எல்லாம் பெண்கள், எல்லாம் ஒரே விடுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பில் ‘பிறர் சார்பில் விடையளிப்பு – சந்தேகம்’, கீழே என் கையெழுத்துக்கு ஒரு கட்டம், ஐந்து மணிக்குள் தேர்வுப் பிரிவுக்குப் போக வேண்டும். போனால் இந்த இருபத்துமூன்று பேருக்கும் ஹால் டிக்கெட் வராது. இவ்வளவுதான் இன்றைய வேலை, ஒரு கையெழுத்து, ஆனால் மதியச் சாப்பாட்டிலிருந்து நான் இதைத் தவிர எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன், காணொளியின் தலைப்பு எழுத்தை ஒரு புள்ளி பெரிதாக்கினேன், திரும்பச் சிறிதாக்கினேன், ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டேனா என்று பையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், போட்டிருக்கிறேன். ஒலிப்பதிவு அறையில் ஏசி ஓடினால் இரைச்சல், ஓடாவிட்டால் வேர்வை, அதனால் பதிவு நேரத்தில் நிறுத்திவிட்டு இடையில் போட்டுக்கொள்வோம், இப்போது போட மறந்துவிட்டோம், சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சு சூடேறி ஒரு ரப்பர் வாசனை. ஜெபக்கனி ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு என் இருமல்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள், இந்தக் காணொளிப் பாட மையத்தில் கேமரா, வெட்டல், ஒட்டல், பழுது எல்லாம் அவள் ஒருத்திதான். “சார், பதினாலாவது நிமிசத்துல மயிலு கத்துது. எடுத்துரவா, இருக்கட்டுமா?” வளாகத்தில் மயில்கள் அதிகம், என் குரல் கொஞ்சம் உருக்கமாகும் இடமாகப் பார்த்து அகவும். “எடுத்துரும்மா.” “அதுக்கும் ஒரு ஐடி போட்டுக் குடுத்துருவோம் சார். நம்ம கோர்ஸ்ல நூறு சதவீதம் அட்டெண்டன்ஸ் அது ஒண்ணுக்குத்தான்.” சிரித்தேன், சிரிப்பு பாதியிலேயே நின்றது, அவள் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த இருமலுக்குப் போனாள்.

கவன வினா. அந்தப் பெயரை வைத்தது நான்தான், இரண்டு மொழியில் படித்தவனுக்கு இது ஒரு வியாதி, எதற்கும் நல்ல தமிழ்ப் பெயர் வைத்துவிட்டால் அது நல்ல பொருளாகிவிட்டது போல ஒரு நிம்மதி. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை காணொளியின் மேல் ஒரு சிறிய பெட்டி எழும், அதுவரை சொன்னதிலிருந்து ஒரு கேள்வி, நான்கு விடைகள், முப்பது வினாடி. தொடாமல் விட்டால் காணொளி அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கே போய்விடும். இங்கிலாந்தில், நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த கடைசி நான்கு வருடங்களில் இதை நான் செய்து செய்து பழுக்கவைத்தேன், எட்டு நிமிடம் வைத்துப் பார்த்தேன், ஐந்து வைத்துப் பார்த்தேன், ஆறுதான் சரியாக வந்தது, மாணவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது, மாநாடுகளில் என்னை மேடையேற்றினார்கள், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு குளிர்ந்த சமோசா தின்றேன். அந்தக் காணொளிகள் அவ்வளவு நன்றாக வந்துவிட்டன, அதுதான் விஷயம், அவை இருக்கும்போது ஆள் எதற்கு என்று ஒரு வருடம் யாருக்கோ தோன்றிவிட்டது, துறையைச் சுருக்கினார்கள், என் குரலை வைத்துக்கொண்டு என்னை அனுப்பினார்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, பதிவு செய்ததெல்லாம் அவர்களுடையது. மனைவி செல்வியால் அங்கே மருத்துவமனை வேலையை விட முடியாது, மகள் தாமிராவுக்குப் படிப்பு, நான் மட்டும் திரும்பி வந்தேன், நாற்பத்தெட்டு வயதில் பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு, காலையில் இரண்டு இட்லி, இந்த மையத்தில் ஒப்பந்த வேலை, பதவியின் பெயர் ‘பாட வடிவமைப்பு ஆலோசகர்’, ஜூனில் முடிகிறது, நீட்டிப்பார்கள், இந்தப் பாடம் நன்றாக நடந்தால் நீட்டிப்பார்கள். தாமிரா இப்போது அதே நியூகாசில் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு. போன மாதம் பேசினாள். “அப்பா, உன் வீடியோவை இங்க இன்னும் போடுறாங்கப்பா. எனக்கே போட்டாங்க.” “எப்படி இருந்தது?” “ஒன்றரை வேகத்துல வச்சுப் பார்த்தேன். அப்பத்தான் நீ மனுசன் மாதிரிப் பேசுற.” நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். “பெட்டி வருமே?” “வரும். அந்த வேகத்துல நாலு நிமிசத்துக்கு ஒண்ணு. மூன்றரை நிமிசத்துக்கு அலாரம் வச்சுக்குவேன். மத்த நேரம் வேற வேலை. எல்லாரும் அப்படித்தான்பா.” எல்லாரும் அப்படித்தான். நான் மேடையில் காட்டிய வரைபடம், மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த அந்தச் சரிவு, அது கவனத்தின் படம் என்றுதானே சொன்னேன், அலாரத்தின் படமாக இருந்திருக்கலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி, அந்த நேரத்தில் என்ன சாப்பாடு என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை, பேச்சு அங்கே நின்றது.

நாற்பத்தொன்று. ஏறுகிறது. ஏசியைப் போடலாம், எழுந்திருக்க வேண்டும், ரிமோட் ஜெபக்கனியின் மேஜையில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பாள், கேட்க ஒரு வாக்கியம் வேண்டும். காலையில் அந்தப் பெண் இதே நாற்காலிக்கு எதிரில் நின்றாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, முத்துப்பேச்சி, மூன்றாமாண்டு, பட்டியலில் நான்காவது பெயர், துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தவள் பேச ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டாள். கையில் மனு, இருபத்துமூன்று கையெழுத்து, ‘உயர்திரு’ என்று தொடங்கி ‘பணிவன்புடன்’ என்று முடிகிற மனு, நடுவில் ஒன்றும் இல்லை, தாங்கள் கருணை கூர்ந்து என்பதைத் தவிர. “இதுல என்ன நடந்ததுன்னே இல்லையேம்மா” என்றேன். “அதை எழுதினா ஒங்களுக்குப் புரியாது சார், காட்டணும்” என்றாள், பிறகு என் மேஜையில் கிடந்த பேனா, ஸ்டேப்ளர், என் போன், அவள் போன், ஜெபக்கனியின் மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள். “சார், நாங்க ஏமாத்தல. நாங்க பந்தி வச்சோம்.” விடுதியில் டிவி அறை இருக்கிறது, நீளமாக ஒரு பெஞ்சு, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வகுப்பெல்லாம் முடிந்து வந்து முதல் போனை டிவியில் மாட்டுவார்கள், மற்ற இருபத்திரண்டும் பெஞ்சில் வரிசையாக, சத்தத்தை அணைத்து. “எதுக்கு அணைக்கணும்?” “ஆளுக்கொரு போன்ல கேட்டா ஒங்க கொரல் இருபத்துமூணு தடவ வருது சார், ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன, பேய் பேசுத மாதிரி. ஹெட்போனு நாலு பேருட்டதான் இருக்கு. ஒத்தையில பாத்தா ஒறக்கம் வருது, தப்பா எடுத்துக்கிடாதீங்க.” ஜெபக்கனி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. “அதனால டிவில சேந்து கேப்போம். பிளே அமுக்கும்போதே டிவியில இருக்கதை மொதல்ல, பெறகு பெஞ்சுல ஒண்ணொண்ணா அமுக்கிக்கிட்டே போவோம், அப்பத்தான் பொட்டியும் ஒண்ணொண்ணா வரும். டிவில கேள்வி வந்ததும் எல்லாரும் கத்துவாளுவ, இதுதான் அதுதான்னு. முடிவு பண்ணினதும் ஒருத்தி பெஞ்சோட போயி அமுக்கிருவா. கூட்டு பரிமாறுத மாதிரி. அதான் பந்தி. இன்னைக்கு ஒன் பந்தி, நாளைக்கு என் பந்தி, முறை வச்சிருக்கோம், சுவத்துல பேரு ஒட்டியிருக்கு.” ஒரு போனில் விட்டுப்போனால் அது மட்டும் பின்னால் போய்விடும், அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து பிடித்து வர வேண்டும், அதற்கு ‘பிந்துன எலை’ என்று பெயராம். நான் ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர் பதிவுகளைக் காட்டும் டேஷ்போர்டு என்னிடம் சொன்னதும் இதுதான், எண்களில்: ஒரே வைஃபை, ஒரே மாலை, விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி, ஒரே கை. முறைகேடு பிடிக்கும் அந்தக் கணக்கையும் நான்தான் எழுதினேன், தனியறையும் தனி லேப்டாப்பும் தனிக் கதவும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய கணக்கு, அப்போது பனி பெய்துகொண்டிருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் எழுதிவிட்டேன், சந்தோஷமாக இருந்தேன்.

சோதித்துப் பார்க்கலாம் என்று எனக்குள் இருந்த வாத்தியார் நினைத்தான், அவனை எனக்கு இப்போது பிடிக்கவில்லை, ஆனால் நினைத்தான். “சராசரிக்கும் இடைநிலைக்கும் என்னம்மா வித்தியாசம்?” அவள் கண்ணை மூடவில்லை, மேலே பார்க்கவில்லை, ஒப்பிப்பவர்கள் மேலே பார்ப்பார்கள். “எங்க ஹாஸ்டல் சாம்பாரு சார். முப்பது நாளைக்கு மார்க்குப் போட்டா சராசரி நல்லாவே வரும். எப்படி வரும்? வாரத்துல வார்டன் அம்மா சாப்பிட வருத ரெண்டு நாளும் முருங்கக்கா, நெய்யி, எல்லாம் போட்டு நூத்துக்கு நூறு. அந்த ரெண்டு நாளு மொத்தத்தையும் தூக்கி விட்டுரும். இடைநிலை எடுத்தாத்தான் எங்க வயித்துல என்ன விழுதுன்னு தெரியும்.” பதினெட்டு வருடத்தில் நான் இதற்கு வீட்டு விலையைத்தான் உதாரணம் சொல்லியிருக்கிறேன், ஒரு மாளிகையும் ஒன்பது குடிசையும், அங்கேயும் சொன்னேன், இங்கேயும் அதையே மொழிபெயர்த்துச் சொன்னேன். இவளுக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது, நான் இல்லை, அந்தப் பெஞ்சுப் பக்கத்தில் யாரோ கத்தியிருக்கிறாள். இங்கேயே முடிந்திருந்தால் எனக்குச் சுலபம், அவளை அனுப்பிவிட்டு அந்தப் பட்டியலைக் கிழித்திருப்பேன், கிழிக்கிற மாதிரி ஒரு காகிதம் இருந்திருந்தால். ஆனால் நான் கேட்டேன், ஏன் கேட்டேன், “இருபத்துமூணு போன் இருந்தது சரி. எல்லா நாளும் இருபத்துமூணு பேரும் இருந்தீங்களா?” துப்பட்டா நுனி மறுபடி விரலுக்கு வந்தது. பொய் சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன், நம்பத் தயாராக நின்றேன். “பெரும்பாலும் இருந்தோம் சார். தண்ணி வருத நேரம் அது. ரெண்டு மூணு பேரு துணி தொவைக்கப் போயிருப்பாங்க. தலைவலின்னு படுத்திருப்பாங்க. போனு மட்டும் இருக்கும்.” “யாரு?” “அது மாறும் சார். நானும் போயிருக்கேன்.” வெளியே மயில் அகவியது. போகும்போது கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “இந்த செமஸ்டர் எழுதலைன்னா ஒரு வருசம் போயிரும் சார்.” “அடுத்த வருஷம் எழுதலாமேம்மா” என்றேன், இந்த வாயால் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், கோபமாக இல்லை, மொழி தெரியாத ஆளிடம் மெதுவாகச் சொல்வது போல, “வீட்டுல ஒரு வருசம் சும்மா இருந்தா அது ஒரு வருசமா இருக்காது சார். எங்கள்ல பாதிப் பேருக்கு ஆவணியிலயே கல்யாணத்த முடிச்சுருவாங்க.” ஜெபக்கனி அப்போதுதான் ஹெட்போனைக் கழற்றினாள். முத்துப்பேச்சி போன பிறகு, “எனக்கும் அப்படித்தான் சார் பாதியில நிப்பாட்டுனாங்க, நான் திரும்ப வந்து எழுதினதுக்கு ஆறு வருசம் ஆச்சு” என்றாள், சொல்லிவிட்டு உடனே, “சார், இதுல ஒங்க சட்டை காலர் மடங்கியிருக்கு, பாத்தீங்களா” என்று திரையைக் காட்டினாள்.

ஐம்பத்திரண்டு. ஏசி ரிமோட்டை அவளே எடுத்து அமுக்கிவிட்டாள், குளிர்ந்த காற்றில் வேர்வை உறைகிறது, பிடரியில் ஒரு கை வைத்த மாதிரி. மூன்றரைக்குக் கோமதிநாயகம் சார் கூப்பிட்டார், மையத்தின் இயக்குநர், நல்ல மனிதர், எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர். “நயினார், பட்டியல் இன்னும் வரலேன்னு தேர்வுப் பிரிவுல கேக்கிறாங்க.” “பாத்துக்கிட்டிருக்கேன் சார்.” “பாக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்க சிஸ்டம் புடிச்சுக் குடுத்திருக்கு.” நடந்ததைச் சொன்னேன், பெஞ்சு, டிவி, பந்தி, சொல்லச் சொல்ல அது என் வாயில் சாக்குப்போக்கு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது, அவள் வாயில் அப்படி இருக்கவில்லை. அவர் முழுவதும் கேட்டார், அதுதான் கஷ்டம், கேட்காத ஆளாக இருந்தால் கோபப்படலாம். “மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா வேற ஒருத்தி கை அமுக்குச்சா இல்லையா?” “அமுக்குச்சு.” “சில பேரு அறையிலயே இல்ல, அவங்களே சொல்லுதாங்க.” “ஆமா சார்.” “பாட விதியில நீங்க எழுதினதைத்தான் நான் வாசிக்கேன்: ‘ஒருவர் சார்பில் மற்றவர் விடையளித்தால் இருவருக்கும் தேர்வுக்கு அனுமதி இல்லை.’ நல்ல தமிழு. உங்க தமிழு.” திரையில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன். “ரெண்டே வழி. ஒண்ணு, பட்டியலை அனுப்புங்க. இல்லேன்னா அதே படிவத்துல பெயர் எதுவும் இல்லைன்னு இன்மை அறிக்கை அனுப்புங்க. கையெழுத்துப் போட்டு. ஆனா டேஷ்போர்டு அறிக்கை ஏற்கெனவே மேல போயிருச்சு. அது இருபத்துமூணுங்கும், நீங்க சைபர்ங்கிறீங்கன்னா, ஒண்ணு நீங்க பொய் சொல்லுதீங்க, இல்ல உங்க சிஸ்டம் பொய் சொல்லுது. எதைச் சொல்லிட்டு நான் ஜூன்ல உங்க ஃபைலை எடுத்துட்டுப் போக?” அதட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார். “தனியா ஒரு வாய்மொழித் தேர்வு வச்சுப் பாக்கலாமா சார்?” “விதியில இல்லையே. ஆயிரத்து நானூறு பேருல இவங்களுக்கு மட்டும் ஏன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். உணர்ச்சிவசப்படாதீங்க. ஐஞ்சு மணி.” வைத்துவிட்டார். வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், காது சூடாக இருந்தது.

ஒருத்தி கை அமுக்கியது உண்மை. நான் எழுதியதும் உண்மை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கினேன், அங்கே அது மூன்றாம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு, யாரும் வாசிக்காதது, இங்கே நான் அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து தடித்த எழுத்தில் போட்டேன், ஏன் போட்டேன், நம் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள் என்று எங்கோ நினைத்திருக்கிறேன், வந்திறங்கிய இரண்டாம் வாரத்தில், இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அப்படி நினைத்துக்கொண்டு தடித்த எழுத்தில் போட்டேன். தாமிராவின் அலாரத்தை எந்தக் கணக்கும் பிடிக்காது, அவள் கை அவள் போனைத்தான் தொடுகிறது, தனியாக, சரியான நேரத்தில், டேஷ்போர்டில் அவள் பச்சை. இருபது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் வேறு வேலை பார்த்த பச்சை. இவர்கள் சிவப்பு. சரி, அதனால் துணி துவைக்கப் போனவளும் பச்சையா, அப்படியும் இல்லை, அவள் போனதும் உண்மை, என் தலைக்குள் இரண்டு பக்கமும் வக்கீல் வைத்துக்கொண்டு நானே நீதிபதியாக உட்கார்ந்து நானே கொட்டாவி விடுகிறேன். கல்லூரியில் எனக்கு முன் பெஞ்சில் தங்கபாண்டி இருந்தான், வயலில் நடவு என்றால் வரமாட்டான், அவன் எண் வரும்போது நான் குரலைத் தடிக்கவைத்து ‘உள்ளேன் ஐயா’ என்பேன், ஆங்கில வகுப்பில் ‘பிரசன்ட் சார்’ என்பேன், இரண்டு மொழியிலும் நான் அவனாக இருந்திருக்கிறேன், தமிழாசிரியருக்குத் தெரியும், நிமிர்ந்து பார்க்காமலே டிக் அடித்துவிட்டு, ‘நடவு முடிஞ்சதும் அந்த உள்ளேன் ஐயாவை ஒருநாள் நேர்ல வரச் சொல்லு’ என்றார். தங்கபாண்டி இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. படித்து முடித்தானா, முடித்தான், என்னோடுதான் பட்டம் வாங்கினான். பயம் என்பது பெரிய சொல், இது அவ்வளவு பெரியது இல்லை, வயிற்றுக்கு மேலே ஒரு இடத்தில் குளிர்ந்த காசு வைத்தது மாதிரி, ஜூன் முடிந்தால் என்ன, இன்னொரு முறை பெட்டி கட்டுவதா, எங்கே, இந்த வயதில் எந்த ஊருக்குத் திரும்புவது, வந்த ஊருக்கா, போன ஊருக்கா, செல்வியிடம் எந்தக் குரலில் சொல்வது, அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், ‘சரி பார்ப்போம்’ என்பாள், அந்தச் சரி பார்ப்போமை நினைத்தால்தான் காசு இன்னும் குளிர்கிறது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவா கையெழுத்து, நல்லவன் என்று பெயரெடுக்கவா இன்மை அறிக்கை, எதைச் செய்தாலும் அதற்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபத்தொன்பது. பதிவேட்டைத் திறந்தேன், பெயர்களை அல்ல, விடைகளை, கேள்வி கேள்வியாக, அந்த விடுதியை மட்டும் வடிகட்டி, இது எனக்குத் தெரிந்த வேலை, எண்களுக்கு முன்னால் உட்கார்ந்தால் மூச்சு சீராகும். முதல் வாரம், எல்லாரும் ‘அ’, எல்லாரும் சரி. இரண்டாம் வாரம், எல்லாரும் ‘ஈ’, எல்லாரும் தப்பு, இருபத்துமூன்று பேரும் ஒன்றாகத் தப்பு, இதைப் பார்த்தால் தேர்வுப் பிரிவுக்காரர் சிரிப்பார். ஆறாம் வாரம் மூன்றாம் கேள்வி. மதிப்பெண்கள் எல்லாவற்றோடும் ஐந்தைக் கூட்டினால் பரவல் கூடுமா, குறையுமா, மாறாதா. மாறாது, அதுதான் சரி, விடை ‘இ’, எல்லாரும் ‘கூடும்’ என்று ‘ஆ’வைத்தான் தொடுவார்கள், அங்கேயும் இங்கேயும், நான் வேண்டுமென்றே வைத்த பொறி. முதல் போன் ‘ஆ’. இரண்டாவது ‘ஆ’. மூன்று, நான்கு, ஐந்து, ஒன்றேகால் வினாடிக்கு ஒன்றாக நடந்துகொண்டே வருகிறாள், பதினொன்று வரை ‘ஆ’. பிறகு ஒரு இடைவெளி. ஒன்பது வினாடி. பன்னிரண்டாவது போன் ‘இ’. பதின்மூன்று ‘இ’. பதினான்கு ‘இ’. இருபத்துமூன்று வரை ‘இ’. நான் திரையைத் தொட்டேன், அந்த ஒன்பது வினாடியை, விரலால். அங்கே யாரோ ஏய் நில்லு என்றிருக்கிறாள், போய்க்கொண்டிருந்த கை நின்றிருக்கிறது, எல்லாருக்கும் அஞ்சு கூடினா எல்லாரும் சேந்துதானட்டீ நகருதோம், எடைவெளி மாறுமா, அப்படி ஏதோ, யார் அவள், பட்டியலில் எத்தனையாவது பெயர், பதினோரு போனுக்கு ஏற்கெனவே தப்பு போய்விட்டது, திரும்பப் பெற முடியாது, அந்தப் பதினோரு பேரும் விட்டுக்கொடுத்துவிட்டு மீதி பன்னிரண்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். என் பதினெட்டு வருடப் பாடத்தில் ஒருவர் மனம் மாறுவதை நான் தரவில் பார்த்ததே இல்லை, வகுப்பறையில் பார்த்திருக்கிறேன், ஒரு முகத்தில், எப்போதோ, காணொளிக்கு முன்பு. “ஜெபக்கனி, இங்க வா.” வந்தாள், பார்த்தாள், வரிசையை விரலால் எண்ணிக்கொண்டே போய்ப் பதினொன்றில் நிறுத்தினாள். “சண்டை போட்டுருக்காளுவ” என்றாள். பிறகு, “பாவம், மொத பதினோரு பேரு. பந்தியில முந்தி உக்காந்தது தப்பாப் போச்சு.” நான் சிரித்தேன், இம்முறை முழுவதும் வந்தது, அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, “கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?” என்றாள். இல்லை என்றேன். “இது ஒரு கேள்விதானே சார். இதை வச்சு என்ன சொல்ல முடியும்?” நியாயமான கேள்வி, நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய கேள்வி, ஒற்றை உதாரணம் எதையும் நிரூபிக்காது, துணி துவைக்கப் போனவளுடைய போன் பன்னிரண்டாவதாகக்கூட இருந்திருக்கலாம், ஒன்றும் தெரியாமல் சரியான விடை வாங்கியிருக்கலாம், தெரியாது, யாருக்கும் தெரியாது, அந்த அறையில் யார் விழித்திருந்தார்கள் என்பதை என்னிடமுள்ள எதைக் கொண்டும் அளக்க முடியாது, தாமிராவின் அறையிலும் முடிந்ததில்லை, அங்கே அதை மேடையேறி அளந்துவிட்டதாகச் சொன்னேன். தெரியாது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பெயர்கள் என்று ஒரு கட்டம், இன்மை என்று ஒரு கட்டம். கண் எரிகிறது, சோர்வாக இருக்கிறது, பயணக் களைப்பு மாதிரி, வந்து பதினாலு மாதமாகிறது, இன்னும் இறங்கின களைப்பு. நான்கு நாற்பத்தொன்று. கோமதிநாயகம் சார் பெயர் போனில் எழுந்தது, அடித்தது, ஜெபக்கனி என்னைப் பார்த்தாள், போனைக் குப்புறப் போட்டேன், மேஜையில் அது கொஞ்ச நேரம் அதிர்ந்து அதிர்ந்து ஸ்டேப்ளரைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது. படிவத்தைத் திறந்தேன். பெயர்களைத் தேர்வு செய்தேன், இருபத்துமூன்றும் நீலமாயின.

நான்கு ஐம்பத்தாறுக்கு, பெயர்களை நீக்கிவிட்டு, இன்மை அறிக்கையில் கையெழுத்திட்டுத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பினேன். குறிப்பு என்ற இடத்தில், கவன வினாக்கள் கவனத்தை அளப்பதில்லை, இந்தப் பாடத்திலிருந்து அவற்றை நீக்கிவிட்டேன் என்று எழுதினேன்.